தூரத்துத் தூண்

முடிச்சு என்றால் அந்தத் துறையில் எல்லோருக்கும் ஒருவரைத்தான் தெரியும். எட்டுப் பேர் உட்காரக்கூடிய சின்னப் படகு ஒன்றை வைத்துக்கொண்டு, இக்கரை ஆட்களைக் காலையில் அக்கரைத் தொழிற்சாலைக்கு ஏற்றிப்போய், சாயங்காலம் திரும்பக் கூட்டி வந்துவிடுகிறவர். ஓட்டுவதில் அவரை மிஞ்சியவர்கள் இருந்தார்கள். கட்டுவதில் யாரும் கிடையாது. மற்றவர்கள் கயிற்றைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு டீக்கடைக்குப் போய் டீயும் குடித்து முடித்திருப்பார்கள். இவர் அப்போதுதான் முன்கயிற்றை முடித்துப் பின்கயிற்றுக்கு வந்திருப்பார். அதனால் வந்த பெயர்தான் முடிச்சு. மைத்துனன் மட்டும், அக்கா புருஷன் என்ற உரிமையில், முடிச்சவிக்கி என்று கூப்பிட்டுச் சிரிப்பான். அவர் கோபித்துக்கொண்டதில்லை.

அவர் மனைவிக்குச் சலவைக்கடையில் வேலை. விடுதிகளிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் வரும் விரிப்புகளைத் தேய்த்து, மடித்து, இருபது இருபதாக அடுக்கி, கயிறு போட்டு மூட்டை கட்ட வேண்டும். மூட்டைமேல் முழங்காலை ஊன்றி அவள் ஒரு இழுப்பு இழுத்தாளென்றால் போதும், அந்தக் கட்டு லாரியில் ஊரெல்லாம் சுற்றி வந்தாலும் அசையாது. மூட்டைக் கயிற்றில் தொய்வு இருந்தால் கடைக்காரர் திட்டுவார். படகுக் கயிற்றில் தொய்வு இல்லாவிட்டால் தண்ணீர் தண்டிக்கும். புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துத்தான் பிழைத்தார்கள், ஒருவர் கயிறு மற்றவருக்குத் தெரியாமலே.

தெரியாமல் என்றால், அவர் சொல்லாமல் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால் அவருக்கு வேறு பேச்சே வராது. இன்று காற்று எந்தப் பக்கம் அடித்தது, எந்தத் தூணில் கட்டினேன், எவ்வளவு கயிறு விட்டேன், பக்கத்துப் படகுக்காரன் எப்படித் தப்பாகக் கட்டியிருந்தான், அதை நான் எப்படி அவிழ்த்துத் திருப்பிக் கட்டினேன். அவள் எதிரே உட்கார்ந்து 'ம்' என்பாள். கால் வலிக்கும். நாளைக்கு வரப்போகும் ஆஸ்பத்திரித் துணியில் எத்தனை கறை இருக்குமோ என்று மனசு ஓடும். இருபத்தாறு வருஷம் 'ம்' போட்டாள். இதில் அவளைக் குறை சொல்ல நமக்கு வாய் கிடையாது. நம் வீட்டிலும் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார், நாமும் 'ம்' போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு தெரு அகலம்தான். தெருவைத் தாண்டினால் கல் சுவர், சுவர்மேல் வரிசையாக இரும்புத் தூண்கள். நாளைக்கு இரண்டு தடவை தண்ணீர் ஏறும், இரண்டு தடவை இறங்கும். ஏறி நிற்கும்போது தெருவிலிருந்து அப்படியே படகுக்குள் கால் வைக்கலாம். இறங்கிவிட்டால் படகு ஓர் ஆள் உயரம் கீழே கிடக்கும், இரும்பு ஏணியைப் பிடித்து இறங்க வேண்டும்.

அந்த வாரம் முடிச்சுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் அதோடேயே படகு ஓட்டினார், சொன்னால் கேட்கிற ஆளா. மூன்றாம் நாள் ஆட்களை அக்கரையில் இறக்கிவிட்டுப் பதினோரு மணிக்குத் திரும்பி வந்து, படகைக் கட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்து கட்டிலில் விழுந்தார். உடம்பு கொதித்தது. அவள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஈரத் துணியை நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டாள். மாத்திரை கொடுத்தாள். தூக்கம் மட்டும் வரவில்லை அவருக்கு. கண்ணை மூடுவார். வெளியே ஏதாவது மோட்டார் படகு போகும், அலை வரும், இவருடைய படகு போய்ச் சுவரில் டொக்கென்று இடிக்கும். உடனே இமை துடிக்கும். மூன்று நாளாக இரண்டு பேரும் தூங்கவில்லை. பன்னிரண்டு மணிக்குள் எத்தனை டொக் என்று அவள் எண்ணுவதையே விட்டுவிட்டாள்.

எழுந்து வெளியே போனாள். தண்ணீர் நிறைந்து நின்றது. படகு தெரு மட்டத்துக்கு மிதந்தது. முன்கயிறும் பின்கயிறும் எங்கேயோ தூரத்துத் தூண்களில் கட்டி, நடுவில் தொளதொளவென்று தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தன. படகு ஒரு கை தூரம் விலகும், திரும்பி வந்து இடிக்கும். அவளுக்கு மூட்டை கட்டுகிற கண். அந்தக் கண்ணுக்கு அது அரைகுறை வேலையாகத் தெரிந்தது. பாவம், காய்ச்சலில் மனுஷர் ஏனோதானோவென்று கட்டிவிட்டு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தாள்.

இரண்டு கயிற்றையும் தூரத்துத் தூண்களிலிருந்து கழற்றினாள். படகுக்கு நேர் எதிரே இருந்த பக்கத்துத் தூண்களில் சுற்றினாள். முழங்காலைத் தூணில் ஊன்றி, மூட்டைக்கு இழுக்கிற அதே இழுப்பு இழுத்து, மூட்டைக்குப் போடுகிற அதே முடிச்சைப் போட்டாள். சுவரில் தொங்கிய டயரோடு படகு ஒட்டிக்கொண்டது. அலை வந்தது. சத்தம் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் அவர் வாய் லேசாகத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

இத்தனை வருஷத்தில் படகு விஷயத்தில் அவருக்கு ஓர் உபகாரம் செய்துவிட்டோம் என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையைத்தான் பிற்பாடு அவளால் மன்னிக்கவே முடியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்தாள். படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு டீக்கடைக்காரர் கதவை இடித்தார். தண்ணீர் ஓர் ஆள் உயரம் இறங்கிவிட்டிருந்தது. கயிறு இறங்கவில்லை. படகு சுவரிலேயே தொங்கி, கனம் தாங்காமல் படகில் பின்கயிறு கட்டியிருந்த கட்டை பிய்ந்துகொண்டு, மூக்கு மட்டும் மேலே மாட்டியபடி பின்பக்கம் தண்ணீருக்குள் போய்விட்டது. எஞ்சின் முழுகிக் கிடந்தது. எண்ணெய் வானவில்லாக மிதந்தது. படகு அவளுக்கு, கொடியில் ஒரு கிளிப்பில் தொங்கும் விரிப்பு மாதிரி இருந்தது. அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவள் தம்பி எங்கிருந்தோ வேனை ஓட்டிக்கொண்டு வந்து குதித்தான். முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. கத்தியை வாங்கி ஒரே அறுப்பாக அறுத்தான். படகு தொபுக்கென்று விழுந்து கவிழ்ந்தது.

"மாமா காய்ச்சல் வேகத்துல இப்படி இறுக்கிக் கட்டிட்டார் போலிருக்கு" என்றான் தம்பி, எல்லோருக்கும் கேட்கும்படி.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அந்த மூச்சை அவள் விடாமல் நின்றாள். யாரோ உச்சுக் கொட்டினார்கள், யாரோ காய்ச்சல்ல யாருக்கும் வரும் என்றார்கள், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அவள் பொய் சொல்லவில்லை. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தவனை நிற்கவைத்துக் கேட்க வேண்டும்.

இரண்டு நாள் அவருக்கு நினைவு சரியாக இல்லை. அந்த இரண்டு நாளும், நல்லபடியாகத் தேறட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். மூன்றாம் நாள் காலையில் தூண்களைப் பார்த்தாள். அறுத்த கயிற்றின் மிச்சம் அவள் போட்ட முடிச்சோடு அங்கேயே இருந்தது. அவர் எழுந்து வந்து பார்த்தால் ஒரு நொடி போதும், இது யார் கை என்று சொல்லிவிடுவார். ஓர் ஆணியைக் கொண்டுவந்து, நனைந்து ஊதியிருந்த அந்த முடிச்சுகளை அரைமணி நேரம் குடைந்து, நகம் பெயர அவிழ்த்து, குப்பை வண்டியில் போட்டாள். அது தன் தலையைக் காப்பாற்றுகிற காரியம் என்று அப்போது நினைத்தாள்.

நான்காம் நாள் அவர் எழுந்து உட்கார்ந்தார். விஷயத்தைத் தம்பிதான் சொன்னான். அவர் ரொம்ப நேரம் கேட்டது ஒரே கேள்வி. பக்கத்துத் தூண்லயா? தண்ணி நிறைஞ்சு நிக்கும்போதா? முதல் நாள் கயிறு பிடிக்கிறவன்கூடச் செய்ய மாட்டானே. பிறகு, யாராவது மாற்றிக் கட்டியிருப்பார்களோ என்று சொல்லிக்கொண்டே அவளைப் பார்த்தார். சந்தேகமாக இல்லை, நீ யாரையாவது பார்த்தாயா என்று கேட்பதுபோல. அவள் அடுப்பை அணைக்க எழுந்து போனாள். அடுப்பு எரிந்துகொண்டிருக்கவே இல்லை. திரும்பி வந்தபோது அவரே முடிவு செய்துவிட்டிருந்தார். "யாரு மாத்தப்போறா. எனக்குத்தான் புத்தி பிசகியிருக்கு."

படகு பிழைத்துவிட்டது. மெக்கானிக் எஞ்சினைப் பிரித்துக் காயவைத்து, கழுவி, மறுபடி பூட்டினார். இரண்டு வாரத்தில் பழையபடி ஓடியது. ஓட்டுகிறவர்தான் பழையபடி ஆகவில்லை. கட்டிவிட்டு வருவார், சட்டையைக் கழற்றுவார், மறுபடி மாட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பார். சாப்பாட்டில் கை வைத்திருப்பார், எச்சில் கையோடு எழுந்து போவார். தூணையும் கயிற்றையும் தொட்டுத் தொட்டு, இது மூன்றாவது தூண்தானே என்று வாய்விட்டு எண்ணுவார். காய்ச்சலில் செய்தது காய்ச்சலோடு போயிற்று என்று டீக்கடைக்காரர் எத்தனையோ சொன்னார். "காய்ச்சல் கையில இல்ல, தலையில. இன்னும் இருக்கான்னு யாருக்குத் தெரியும்" என்றார் அவர்.

அவளும் கூடப் போனாள். துணைக்கு என்று சொன்னாள், உண்மையில் தண்டனைக்கு. அந்த இரண்டு மாதத்தில்தான், அவர் சொல்கிற ஒவ்வொரு சொல்லையும் அவள் முதன்முதலாகக் கேட்டாள். ஏன் தூரத்துத் தூண், ஏன் தொய்வு, கயிறு எந்த இடத்தில் தேயும் எல்லாம். கேட்கக் கேட்க, அந்த மத்தியானம் தான் எவ்வளவு நல்ல கட்டைக் கலைத்தோம் என்று புரிந்தது. நூற்று நான்கு டிகிரி காய்ச்சலில், சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்த மனுஷர், ஒரு சுற்றுக்கூடத் தப்பில்லாமல் கட்டிவிட்டுத்தான் வந்திருக்கிறார். கடையில் விரிப்புகளுக்கு நடுவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். சூடு தாங்கவில்லை என்று கூட வேலை செய்கிறவளிடம் சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை வந்து சொன்னார், படகை மைத்துனனுக்குக் கொடுத்துவிடப் போவதாக. திங்கட்கிழமையிலிருந்து அவன் ஓட்டுவான். தொழிற்சாலையில் வாசல் காவலுக்கு ஆள் கேட்கிறார்கள், தான் போய்விடுவாராம். எட்டு உசிரை நம்பி ஏற்றிக்கொண்டு, கட்டினோமா இல்லையா என்று சந்தேகத்தோடு ஓட்டுவது பாவம் என்றார். குரலில் கோபமோ வருத்தமோ இல்லை. அழுக்குத் துணிக் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார். அதைக் கேட்டபோதுதான், இனி வாயைத் திறக்காவிட்டால் இவர் உயிரோடு இருந்தும் இல்லாதவராகிவிடுவார் என்று அவளுக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கட்டிலில் படுத்திருந்தார். கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள்.

"ஏங்க. அன்னிக்குப் படகை மாத்திக் கட்டினது நான்தாங்க."

அவர் கண்ணைத் திறந்தார்.

எல்லாவற்றையும் சொன்னாள். டொக்கென்ற சத்தம், அவர் இமை துடித்தது, தொளதொளவென்று கிடந்த கயிறு, முழங்காலை ஊன்றி இழுத்தது, ஆணியால் அவிழ்த்துக் குப்பையில் போட்டது. ஒன்றையும் மறைக்கவில்லை. அடிக்கட்டும், திட்டட்டும், வீட்டைவிட்டுப் போ என்று சொல்லட்டும், எது வந்தாலும் நிம்மதிதான் என்று காத்திருந்தாள்.

அவர் எழுந்து உட்கார்ந்து அவள் தலையில் கை வைத்தார்.

"எனக்காகப் பழியை நீ இழுத்துப் போட்டுக்கிறியா?"

"இல்லைங்க, சத்தியமா நான்தான்."

"நீயா? பைத்தியமே. தண்ணி நிறைஞ்சிருக்கும்போது தூரத்துத் தூண்ல கட்டணும்னு உனக்கா தெரியாது? இருபத்தாறு வருஷமா தினம் சொல்லியிருக்கேன். இந்தத் துறையில நான் பேசறதை ஒருத்தன் காது கொடுத்துக் கேட்டது கிடையாது. கிண்டல் பண்ணுவாங்க, நகர்ந்து போயிடுவாங்க. நீ ஒருத்திதான் உட்கார்ந்து கேட்ட. அந்த முடிச்சை நானே தப்பாப் போடுவேன், நீ போட மாட்ட."

அவள் வாயைத் திறந்தாள். ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி. நீங்க சொன்னதை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அதைச் சொன்னால் அவருக்குத் தன் கை திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் இருபத்தாறு வருஷம் எதிரே உட்கார்ந்திருந்த பெண்டாட்டி போய்விடுவாள். எது பெரிய நஷ்டம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்தக் கை இருக்கும்போது அவளுக்குச் சொல்ல வரவில்லை. நாளைக்குத் தம்பி வருவான், அவனை வைத்துக்கொண்டு சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். அவனுக்கு அக்காவின் லட்சணம் தெரியும், அவன் நம்புவான், அவன் சொன்னால் இவரும் நம்புவார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தம்பி வந்தான். புதுக் கூலிங்கிளாஸ், கையில் செல்போன். தண்ணீர் நிறைந்து, படகு தெரு மட்டத்துக்கு நின்றது. முடிச்சு அவனைத் தூணருகே நிறுத்திக்கொண்டு ஆரம்பித்தார். நிதானமாக, ஒவ்வொன்றாக, கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். இருபத்தாறு வருஷப் பேச்சை ஒரு மூட்டையாகக் கட்டி அவன் கையில் கொடுப்பதுபோல் இருந்தது. அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான்.

"ம்" என்றான். "ம், சரி மாமா. ம்."

அவளுக்கு அந்த 'ம்' எங்கேயோ குத்தியது. தன் குரலையே வேறொரு வாயில் கேட்டாள். இனி தினமும் இவனை நம்பி இந்தப் படகில் எட்டுப் பேர் ஏறுவார்கள். சலவைக்கடையில் கூட வேலை செய்கிறவளின் மகளும் அதில் ஒருத்தி. அவள் தெருவைத் தாண்டி விறுவிறுவென்று போனாள்.

"டேய், அந்தப் போனை உள்ள வை. மாமா இப்ப என்ன சொன்னார்? திருப்பிச் சொல்லு."

தம்பி விழித்தான். "கட்டணும்னார்."

"எந்தத் தூண்ல?"

"அதான்க்கா... இந்தத் தூண்ல" என்று யோசிக்காமல், கைக்கு எட்டிய பக்கத்துத் தூணைக் காட்டினான்.

அவளுக்கு ரத்தம் கொதித்தது. அவன்மேலா தன்மேலா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

"பக்கத்துத் தூணைத் தொட்டேன்னா கையை ஒடிப்பேன். கேட்டுக்கோ. முன்கயிறு, முன்னால மூணாவது தூண். பின்கயிறு, பின்னால மூணாவது தூண். கயிறு நீளமா இருந்தாத்தான் படகு தண்ணியோட ஏறி இறங்கும். தண்ணி நிறைஞ்சிருக்கும்போது கட்டினா ஓர் ஆள் உயரம் தொய்வு விடணும். தொளதொளன்னு தொங்குதேன்னு இறுக்கக் கூடாது. இடிக்கட்டும், இடிச்சா ஒண்ணும் ஆகாது. கல்லுல உரசுற இடத்துல பழைய துணியைச் சுத்தணும். அரைமணி கழிச்சு ஒரு தடவை வந்து பார்க்கணும்."

சொல்லி முடித்து மூச்சு வாங்க நின்றாள். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். இரண்டு மாதத்தில் முதல்முறையாக அந்த முகம் மலர்ந்திருந்தது.

"பார்த்தியா மாப்ள" என்றார். "ஒரு சொல்லு விட்டுப்போகல. உன் அக்கா நேத்து என்ன சொன்னா தெரியுமா? அன்னிக்குப் படகை மாத்திக் கட்டினது இவதானாம். நீயே சொல்லு, இவ்வளவு தெரிஞ்சவ அப்படிக் கட்டுவாளா?"

தம்பி வாய்விட்டுச் சிரித்தான். அக்காவாவது, விரிப்பு மூட்டையைக்கூட அளந்து கட்டுகிறவளாயிற்றே என்றான்.

அவள் சொல்ல வந்த வாக்கியம் அப்படியே பாக்கி நின்றது. இனி அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? நம்பாமல் இருப்பதற்கான சாட்சியை இப்போதுதான் தன் வாயாலேயே சொல்லி முடித்திருக்கிறாள். அவர் கயிற்றைத் தூரத்துத் தூணிலிருந்து கடைசித் தடவையாக அவிழ்த்தார். சுருளாகச் சுற்றி, மைத்துனன் கையில் வைத்தார். எஞ்சின் உறுமியது. படகு விலகிப் போனது. சுவரில் டயர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அவர் அவள் பக்கத்தில் வந்து நின்று, தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார்.

"எனக்கு ஒரு குறையும் இல்ல. கட்டுறதுதான் மறந்துபோச்சு. ஆனா சொன்னதெல்லாம் வீண் போகல, நீ கேட்டுக்கிட்டு இருந்திருக்க. இல்லையா?"

அவள் 'ம்' என்றாள்.